சிவப்பு வைத்த பன்னிரண்டு தலைகள்

வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இந்தச் சின்ன உண்மையைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸும் பன்னிரண்டு தக்காளிச் செடிகளும் தேவைப்பட்டன.

ஆவடிப் பக்கம் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. (அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். வீட்டில் இதையே இலவசமாகச் செய்தால் யாரும் மதிப்பதில்லை.) மேஜைக்கு வரும் உருப்படியை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் அதன் தலையில் பச்சைச் சாயம் ஒரு சொட்டு. தப்பு என்றால் சிவப்பு ஒரு சொட்டு. சிவப்பு வாங்கியது நேராக என் இடது பக்கம் இருக்கும் ரிஜெக்ட் டப்பாவுக்குப் போய்விடும். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. சிவப்பைக் கண்டதும் என் இடது கை தானாகவே எடுத்துப் போட்டுவிடும், நான் டீ குடித்துக்கொண்டிருந்தாலும். அந்த இடது கையை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டர்ஸை விட்டுப் பட்டாபிராமில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கும் என் மனைவி கோமதிக்கும் ஒரே பொருளின் மேல் கண் விழுந்தது. அது மொட்டை மாடி. கோமதி தையல் சொல்லிக்கொடுப்பவள். எட்டுப் பெண்கள், நான்கு மிஷின், எல்லாம் எங்கள் ஹாலில். வேலை முடிந்து நான் வந்தால் உட்கார இடம் இருக்காது. வெட்டிய ஜாக்கெட் துணிகளைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டே காபி குடிப்பேன். மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வகுப்பை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருடக் கனவு. எனக்கோ அங்கே தோட்டம் போட ஆசை. அதுவும் எல்லாரும் போடுகிற கீரையும் கத்திரியும் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். உருளைக்கிழங்குச் செடியை வெட்டி, அதன் தண்டில் தக்காளிச் செடியின் தலையை ஒட்டி வைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சேர்ந்துகொள்கின்றன. மேலே தக்காளி காய்க்கிறது, கீழே உருளைக்கிழங்கு விளைகிறது. ஒரே தொட்டி, இரண்டு காய்கறி. அன்று நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கோமதி கோத்தகிரிப் பக்கம் உருளைத் தோட்டக்கார வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து உருளைக்கிழங்கைப் பார்த்து வளர்ந்தவள். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, இந்த ஊர் வெயிலில் உருளை பெரிசா வராதே என்று மட்டும் சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மாசி மாதத்துக்குள் ஒரே செடியில் மேலே தக்காளியும் கீழே கிழங்கும் காட்டுகிறேன், காட்டாவிட்டால் மாடி உனக்கு என்று சபதம் போட்டேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே தலையசைத்தாள். பெரிய சபதங்களுக்கெல்லாம் அவள் அப்படித்தான் தலையசைப்பாள்.

ஐப்பசிக் கடைசியில் தக்காளி விதை போட்டேன். மழை கொஞ்சம் விட்டதும் முளை கண்ட கிழங்குகளை வேறு தொட்டிகளில் புதைத்தேன். தக்காளி பன்னிரண்டு, உருளை பன்னிரண்டு. மார்கழி பிறக்கும்போது இரண்டும் பென்சில் கனத்துக்கு வந்துவிட்டன. பென்சில் கனம் என்று சும்மா சொல்லவில்லை, வெர்னியர் வைத்து அளந்தேன். இருபத்து நான்கு தண்டின் அளவையும் நோட்டில் எழுதி, எந்தத் தக்காளிக்கு எந்த உருளை என்று ஜோடியும் சேர்த்துவிட்டேன். (எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.)

பக்கத்து வீட்டுத் தேவராஜ் பைக் மெக்கானிக். தன் வீட்டு மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இன்னா சார், செடிக்கு இஞ்சின் மாத்திகினு கீறியா?"

இஞ்சின் இல்லை, அறிவியல் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாத்துற வேலையில் எது எதிலிருந்து கழற்றினது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது, அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் தக்காளித் தண்டும் உருளைத் தண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். கல்லூரிக்குப் போகும் என் மகள் நிவேதாவிடம் நகப்பூச்சு கேட்டேன். அவளிடம் அன்றைக்கு இரண்டே நிறம்தான் தீராமல் இருந்தது. சிவப்பு, பச்சை.

தக்காளி சிவப்புதானே? ஆகவே தக்காளிச் செடிக்குச் சிவப்பு. மிச்சமிருந்த பச்சை உருளைக்கு. வெட்டப்போகும் இடத்துக்கு மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. நோட்டில் ஒரே ஒரு விதி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்: ஒரே நிறம் ஒன்றோடொன்று சேரக் கூடாது.

ஒட்டுப்போடும் நாளுக்கு லீவு போட்டேன். விடிந்ததும் புது பிளேடு, பிளாஸ்டிக் நாடா, மூடி வைக்க பாலிதீன் பைகள், ஒரு ஸ்டூல். எல்லாச் செடியையும் வரிசையாக வெட்டினேன். இலைகளைக் கிள்ளினேன். இப்போது என் முன்னால் இருபத்து நான்கு தலைகள், தொட்டிகளில் இருபத்து நான்கு அடித்தண்டுகள். தலைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கூர் சீவினேன். இடது பக்கம் மாடி துடைக்கும் பக்கெட் ஒன்று, பாதித் தண்ணீரோடு இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவும் வேண்டுமா? பச்சைப் பொட்டு வைத்த தலை வந்தால் வலது கை வாங்கி வரிசையில் வைத்தது. சிவப்புப் பொட்டு வைத்த தலை வந்தால் இடது கை வாங்கிப் பக்கெட்டில் போட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, பன்னிரண்டும். வாய் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் என்னிடம் இருந்தவை பச்சைத் தலைகள் மட்டும். விதிதான் தெளிவாக இருக்கிறதே, ஒரே நிறம் சேரக் கூடாது. பச்சைத் தலையைச் சிவப்பு அடியில் வைத்தேன். அதாவது, தக்காளி வேரின் மேல் உருளைக்கிழங்கின் தலை. பிறகு ஒரு இன்ஸ்பெக்டராக எழுந்து நின்று பன்னிரண்டையும் பரிசோதித்தேன். நிறம் வேறு, நிறம் வேறு, நிறம் வேறு. பன்னிரண்டும் பாஸ்.

மிச்சமிருந்த பச்சை அடித்தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கீழே போய் மூன்று இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

என் ஒட்டு வேலையை மட்டும் குறை சொல்லக் கூடாது. பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன. பத்து நாள் கழித்துப் பையை எடுத்தபோது ஒன்பது செடியும் நிமிர்ந்து நின்றன. அந்த இணைப்பை எந்த லென்ஸ் வைத்து வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ஒரு தவறை இவ்வளவு கச்சிதமாகச் செய்தவன் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

தை மாதம் இலைகள் நன்றாக விரிந்தன. துணி காயப்போட வந்த கோமதி ஒரு செடியின் முன் நின்றாள். இலையைத் தொட்டுப் பார்த்தாள். இது உருளை இலை மாதிரி இருக்கே என்றாள். நான் அவளை உட்காரவைத்து, ஒட்டுச்செடியில் வேரின் குணம் இலைக்கு ஏறும் என்றும், சாதாரணமாக உருளை இலை எப்படி இருக்கும் என்றும் கால் மணி நேரம் விளக்கினேன். கோத்தகிரி உருளைத் தோட்டக்காரர் மகளுக்கு. அவள் கடைசிவரை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தச் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்துதான் இருந்தது.

மாசி பிறந்ததும் அதிசயம் நடந்தது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்குகளில் உருண்டை உருண்டையாக ஏதோ திரண்டது. பச்சை நிறம், மேலாகக் கொஞ்சம் ஊதா. கோலிக்குண்டு அளவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "காய் பிடித்துவிட்டது. அறுவடைக்கு அனைவரும் வருக." முகப்பேரில் ஒரு கல்யாணத்துக்கு வரவிருந்த என் மச்சான் ராஜு, கோமதியின் அண்ணன், நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று பதில் போட்டார். அவர் இன்றைக்கும் கோத்தகிரியில் உருளை போடுகிறவர். நான் ஏன் அப்போதே உஷாராகவில்லை என்று கேட்காதீர்கள்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை மாடி நிறைந்துவிட்டது. ராஜு மச்சானும் அவர் வீட்டாரும், தேவராஜ், கோமதியின் தையல் மாணவிகள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் சபதம் தெரியும். என் செடி ஜெயித்தால் அவர்கள் ஹாலிலேயே முட்டி இடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை.

நான் பேசினேன். நீண்ட நேரம் பேசினேன். பழம் இன்னும் சிவக்காததற்குக் கூட ஒரு காரணம் வைத்திருந்தேன், அது புது ரகம், பச்சையாகவே பழுக்கும். நிரூபிக்க ஒரு காயைப் பறித்து வாயருகே கொண்டுபோனேன். ராஜு மச்சான் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். காயை வாங்கி நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"மாப்ளே, கடிச்சிராதீங்க. இது தக்காளி இல்லீங்க, உருளைக்கிழங்கு. பச்சை ஏறின கிழங்கு, வயித்தைக் கலக்கிரும்."

செடியில் எப்படிக் கிழங்கு காய்க்கும் என்று நான் கேட்டேன். கீழே கிழங்கு விட இடம் இல்லையென்றால் அது மேலேயே விட்டுவிடும், எங்கேயோ ஒரு தரம் பார்த்திருக்கிறேன் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். கீழே இடம் இல்லையா? கீழே இருப்பதே உருளைதானே? நான் ஆவேசத்தோடு அந்தச் செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தேன். வந்தது. கொத்து வேர். வெறும் வேர். இரண்டாவதை இழுத்தேன். வேர். மூன்றாவதிலும் வேர். ஒன்பதையும் இழுத்துப்போட்டுவிட்டு மண்ணுக்கு நடுவே நின்றேன். தக்காளியில் கிழங்கு இல்லை, கிழங்கில் தக்காளி இல்லை. உலகத்தில் யாருக்கும் உபயோகப்படாத ஒரு செடியை, வெர்னியர் வைத்து அளந்து, நான் படைத்திருந்தேன்.

தேவராஜ்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

"சார், இஞ்சினை மேல வெச்சிட்டு சீட்டை கீய மாட்டிக்கீறே."

எட்டுப் பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிவேதா போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். (பெற்ற பிள்ளை.) மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தங்கையை நம்பிக் கொடுத்த மனிதர்.

அப்போது கோமதி நகர்ந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது அவள் இடுப்பில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. வாளியில் ஒரு செடி. செடியில் ஏழெட்டுத் தக்காளி, அதில் மூன்று நல்ல சிவப்பு. கீழே வைத்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு வாளியைச் சரித்து மண்ணைக் கொட்டினாள். மண்ணோடு உருண்டு வந்தன கிழங்குகள். எலுமிச்சம்பழ அளவுதான், ஐந்து. ஆனால் கிழங்கு. அந்தச் செடியின் வேரில்.

நான் என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. மேலே தக்காளி, கீழே உருளை. வீடியோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது, ஏனென்றால் இது எங்கள் வீட்டு மாடியில் இருந்தது. கோமதி தன் அண்ணனைப் பார்த்து, சாதாரணமாக, சாம்பாருக்கு உப்புப் போட்டாச்சு என்பதுபோலச் சொன்னாள்.

"இதுதாண்ணா அவர் செஞ்சது. அதெல்லாம் சும்மா பழகறதுக்கு வெச்சது."

மச்சான் என் தோளைத் தட்டினார். பாராட்டுகள் ஆரம்பித்தன. எட்டுப் பெண்களின் முகம் விழுந்தது. மாடி என்னுடையதாகிவிட்டது.

நான் குனிந்து அந்தத் தண்டைப் பார்த்தேன். இணைப்புக்கு மேலே என் கையால் வைத்த சிவப்புப் பொட்டு. கீழே பச்சைப் பொட்டு. இணைப்பைச் சுற்றி பிளாஸ்டிக் நாடா இல்லை, மெரூன் நிற ஜாக்கெட் துணிக் கிழிசல். நான் பக்கெட்டில் போட்ட தலை. நான் தள்ளிவிட்ட தொட்டி. என் இடது கை செய்த காரியம் முழுவதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் இருக்கவும் செய்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருத்தி மூன்று வருடக் கனவை எடுத்து, என் மானத்துக்கு ஒட்டுத்துணியாகப் போட்டுவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மச்சான், இது நான் குப்பையில போட்டது. எடுத்து ஒட்டினது உங்க தங்கச்சி."

சொல்லிவிட்டு, நகப்பூச்சு, ரிஜெக்ட் டப்பா, இடது கை எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புக்கொண்டேன். அந்த மாடியில் அன்று எழுந்த சிரிப்பு பட்டாபிராம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். மச்சான் மட்டும் சிரிக்காமல் அந்த இணைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷம் உருளை போட்டவர், தன் தங்கையை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

விவரம் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அன்று காலை நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாடி துடைக்கப் போனவள் பக்கெட்டைப் பார்த்திருக்கிறாள். கூர் சீவிய பன்னிரண்டு தலைகள் தண்ணீரில் வாடாமல் இருந்தன. அந்தப் பக்கம் பன்னிரண்டு அடித்தண்டுகள். அவளுக்குத் தையல்காரி புத்தி. ஒரு துண்டு மிஞ்சினால் அதற்குச் சேரும் இன்னொரு துண்டு எங்கேயோ இருக்கும் என்று நம்புகிறவள். எங்கள் வீட்டுத் தலையணை உறை ஒவ்வொன்றிலும் ஏழு பேருடைய ஜாக்கெட் இருக்கும். கத்திரியால் சாய்வாக வெட்டி, ஜாக்கெட் கழுத்துப் பட்டிக்குக் கிராஸ் பீஸ் சேர்ப்பதுபோலச் சாய்வுக்குச் சாய்வு பொருத்தி, துணிக் கிழிசலால் கட்டி, பால் கவரால் மூடி வைத்திருக்கிறாள். வெர்னியர் இல்லை, நோட்டு இல்லை, லீவும் போடவில்லை. பன்னிரண்டில் நான்கு பிழைத்தன. அதில் நல்லதை வாளிக்கு மாற்றியிருக்கிறாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே. உருளை இலை மாதிரி இருக்குன்னு. நீங்கதான் எனக்கு உருளை இலை எப்படி இருக்கும்னு சொல்லிக்கொடுத்தீங்க."

மாடியில் இப்போது தகரக் கொட்டகை இருக்கிறது. எட்டு மாணவிகள் பதினான்கு ஆகிவிட்டார்கள். கொட்டகையின் ஓரத்தில் ஆறு தொட்டி வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. தண்ணீர் ஊற்றலாம், மண் கிளறலாம். வெட்டும் வேலையெல்லாம் கோமதி. ஒவ்வொரு மார்கழியும் அவள் ஒட்டுப் போடுகிறாள், நான் பால் கவர் கழுவிக் கொடுக்கிறேன். போன வருடம் அவள் செடியில் பதினோரு கிழங்கு. ஆலையில் யாரையும் எளிதில் பாஸ் செய்யாத நான், அந்தப் பதினொன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் நிம்மதியாகப் போக முடிவதில்லை. வாசலில் சந்தனம் கொடுத்து, என் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். அந்தச் சிவப்பு வைக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். வைத்ததும் ராஜு மச்சான், மண்டபத்தின் எந்த மூலையில் இருந்தாலும், குரல் கொடுத்துவிடுவார்.

"கோமதி, பக்கெட்டை எடுத்துட்டு வாம்மா."

கோமதி சிரிக்காமல் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள். பிறகு முந்தானையை எடுத்து, குங்குமத்தைக் கொஞ்சம் துடைத்துச் சரிசெய்துவிட்டு, பக்கெட்டு வேண்டாம், இதை நானே வெச்சுக்கிறேன் என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவாள்.